அண்ணனுக்கு 13, தங்கைக்கு 10: பெரியவங்க இல்லாம நியூவார்க்கிலிருந்து சிகாகோ அனுப்பலாமா?

எடிசன் அம்மா (கேள்வி)

ஜூலை கடைசியில பிள்ளைங்க ரெண்டு பேரையும் சிகாகோ பக்கத்துல நேப்பர்வில்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு வாரம் அனுப்பணும். எங்க ரெண்டு பேருக்குமே அப்போ லீவு கிடைக்காது. பையனுக்கு 13 முடிஞ்சாச்சு, பொண்ணுக்கு 10. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சைட்ல புக் பண்ணப் போனா, வயசைப் போட்டதுமே நின்னுடுது. அண்ணன் கூடத்தானே போறா, அது கணக்கில வராதா? சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட்ல கூட்டிட்டுப் போக வரப்போறது ஊர்லேருந்து வந்திருக்கிற தாத்தா. அவர்கிட்ட இந்தியப் பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கு. உள்ளே கேட் வரைக்கும் விடுவாங்களா? அடுத்த வருஷம் சென்னைக்கும் இதே மாதிரி அனுப்ப முடியுமான்னும் தெரியணும்.

கேட்_சி (பதில் 1)

அமெரிக்காவில் குழந்தை எந்த வயதில் தனியாகப் பறக்கலாம் என்று அரசு விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கென ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "எங்க பையன் 12 வயசிலேயே தனியாப் போனான்" என்றால், எந்த ஏர்லைன்ஸில் என்று கேளுங்கள். 5 வயதுக்குக் கீழே யாரும் தனியாக ஏற்றமாட்டார்கள்.

அமெரிக்கன், யுனைட்டெட், டெல்டா மூன்றிலும் 5 முதல் 14 வரை 'அன்அக்கம்பனீட் மைனர்' (பெரியவர் துணையில்லாமல் பறக்கும் பிள்ளை), சுருக்கமாக யூ.எம்., சேவை கட்டாயம். 15 முடிந்திருந்தால் விருப்பப்பட்டால் எடுக்கலாம். உங்கள் பையனுக்கு 13தான் என்பதால் அவனும் அங்கே யூ.எம்.; தங்கைக்குத் துணையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்கனில் கூட வருபவருக்கு 16 ஆகியிருந்தால் போதும், யுனைட்டெட்டிலும் டெல்டாவிலும் 18 வேண்டும். ஃபிரான்டியரில் 15க்குக் கீழே தனியாக அனுப்பவே முடியாது, யூ.எம். சேவையே கிடையாது. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டுக் கவுன்ட்டரில் போய் நிற்காதீர்கள்.

கட்டணம் டிக்கெட்டுக்கு மேல் தனி. மூன்றிலுமே ஒரு வழிக்கு 150 டாலர். அமெரிக்கனில் ஒரே விமானத்தில் போகும் அண்ணன் தங்கைக்குச் சேர்த்து ஒரே கட்டணம், வரி தனி. யுனைட்டெட்டில் அந்த 150 இரண்டு பிள்ளைகள் வரை செல்லும், டெல்டாவில் நான்கு பேர் வரை. ஆக, போய்வர உங்களுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் மல்லுக்கட்ட வேண்டாம், போன் பண்ணிப் புக் செய்யுங்கள். தடையைத் தாண்டப் பிறந்த வருஷத்தை மாற்றிப் போடுகிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வயதுக்கு அத்தாட்சியாகப் பர்த் சர்டிஃபிகேட்டோ பாஸ்போர்ட்டோ கேட்பார்கள், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நான்ஸ்டாப் மட்டும் எடுங்கள். யுனைட்டெட் யூ.எம்.மை நான்ஸ்டாப்பில் மட்டும்தான் ஏற்றும். அமெரிக்கனில் 8 வயதிலிருந்து சில ஊர்கள் வழியாக கனெக்ஷன் உண்டு, ஆனால் நியூவார்க்–ஓஹேருக்கு நேர் விமானம் இருக்கும்போது அது எதற்கு?

பாட்டி_பிக்கப் (பதில் 2)

அம்மா, தாத்தா விஷயத்துக்கு வர்றேன். இந்தியப் பாஸ்போர்ட் போதும், ஏர்போர்ட் செக்யூரிட்டியைப் பார்க்கிற டிஎஸ்ஏ அதை ஏத்துக்கும். சிக்கல் வர்றது பேர்ல.

யூ.எம். படிவத்துல கூட்டிட்டுப் போறவர் பேர், முகவரி, போன் நம்பர் எழுதணும். அந்தப் பேரும் அவர் காட்டுற ஐடியில இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல "எஸ். ராமசாமி"ன்னு எழுதிப் பழக்கம். பாஸ்போர்ட்ல அதுவே கிவன் நேம் ராமசாமி, சர்நேம் இடத்துல அவங்க அப்பா பேர்னு விரிஞ்சிருக்கும், இல்லேன்னா சர்நேம் காலியாவே இருக்கும். வீட்டுல கூப்பிடுற பேரு, இனிஷியல் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்க. பேர் ஒத்துப்போகலேன்னா பிள்ளைங்களைக் கையில குடுக்க மாட்டாங்க, அது நம்ம நல்லதுக்குத்தான். உங்க தங்கச்சி பேரையும் மாற்று ஆளா சேர்க்க முடியுமான்னு புக்கிங் அப்பவே கேளுங்க. ஏன்னா படிவத்துல இல்லாத ஆள் சொந்தச் சித்தியா இருந்தாலும் கூட்டிட்டுப் போக முடியாது.

கிளம்புற அன்னைக்கு நீங்க செய்ய வேண்டியது: ஆன்லைன் செக்-இன் வேண்டாம், ரெண்டு மணி நேரம் முன்னாடி கவுன்ட்டருக்கு நேர்ல போங்க. படிவம், கட்டணம் முடிச்சதும் உங்களுக்கு ஒரு கேட் பாஸ் தருவாங்க. அதை வச்சு செக்யூரிட்டி தாண்டிப் பிள்ளைங்களோட கேட் வரைக்கும் போகலாம். ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போங்க. உங்க லைசென்ஸ் ரியல் ஐடி (செக்யூரிட்டியில ஏத்துக்கிற புது வகை) இல்லேன்னா பாஸ்போர்ட் எடுத்துக்குங்க. பிள்ளைங்க ஏறிட்டாங்கன்னு உடனே கிளம்பிடாதீங்க. கதவை மூடி, ரன்வேயில ஒரு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பக் கேட்டுக்கே வர்றது நியூவார்க்ல புதுசில்ல. விமானம் மேல ஏறுற வரைக்கும் நீங்க கேட்லயே இருக்கணும்.

தாத்தா அங்கே இறங்குற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்ட்டருக்குப் போகட்டும். யுனைட்டெட்னா ஓஹேர்ல டெர்மினல் 1. அதுல சி கேட்ல விமானம் வந்தா, பி பக்கத்திலேருந்து கலர் கலரா விளக்கு எரியுற சுரங்கப்பாதை வழியா நடக்கணும். முட்டி வலி இருக்கிற பெரியவருக்கு 15 நிமிஷமாவது ஆகும். அமெரிக்கன்னா டெர்மினல் 3.

பிள்ளைங்க பையில: படிவத்தோட நகல், ரெண்டு பேர் போன் நம்பர் பேப்பர்ல (போன் சார்ஜ் இறங்கிடும்), சாப்பாடு, ஒரு ஸ்வெட்டர். விமானத்துல யாரும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்க மாட்டாங்க. ஏத்திவிடுவாங்க, இறக்கிக் கையில குடுப்பாங்க, அவ்வளவுதான். மருந்தும் குடுக்க மாட்டாங்க. இன்ஹேலர் இருந்தா பொண்ணு தானே எடுக்கத் தெரிஞ்சிருக்கணும்.

எடிசன் அம்மா

ரொம்ப நன்றி. சவுத்வெஸ்ட்ல யூ.எம். 11 வயசு வரைக்கும்தான்னு போட்டிருக்கு. நியூயார்க் லாகார்டியா ஏர்போர்ட்லேருந்து சிகாகோ மிட்வே ஏர்போர்ட்டுக்குப் போகுதே, அதுல 300 டாலர் மிச்சமாகாதா?

கேட்_சி (பதில் 3)

மிச்சமாகும். சவுத்வெஸ்ட்டில் 5 முதல் 11 வரைதான் யூ.எம்., கூட 12 முடிந்த ஒருவர் இருந்தால் அதுவும் தேவையில்லை. உங்கள் பையனே துணை.

ஆனால் அந்த 300 டாலர் எதற்கு என்று யோசியுங்கள். ஜூலையில் சிகாகோவில் மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும், சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும். யூ.எம். என்றால், ஆள் கையில் ஒப்படைக்கும்வரை ஊழியர்கள் பொறுப்பு. இல்லையென்றால் 13 வயதுப் பையன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தெரியாத ஏர்போர்ட்டில் வரிசையில் நின்று அடுத்த விமானம் கேட்க வேண்டும். ஓட்டலில் அந்த வயதுக்கு அறையும் தரமாட்டார்கள். முதல் முறை என்றால் நான் கட்டணத்தைக் கட்டத்தான் சொல்வேன். எதில் போனாலும் காலையில் முதல் அல்லது இரண்டாவது விமானம். கடைசி விமானம் ரத்தானால் அன்றைக்கு வேறு வழியில்லை.

ட்ரான்சிட் (பதில் 4)

சென்னை பற்றி: அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லாததால் யுனைட்டெட் அங்கேயே அடிபடுகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2016இலேயே யூ.எம். சேவையை நிறுத்திவிட்டது, 14 முடிந்தவர்தான் தனியாகப் போகலாம், 14, 15 வயதுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் வேண்டும். அடுத்த வருஷம் உங்கள் பையன் தேறுவான், பொண்ணு தேறமாட்டாள். எமிரேட்ஸ், லுஃப்தான்சா இரண்டிலும் 5 முதல் 11 வரை யூ.எம். கட்டாயம், 12 முடிந்தால் விருப்பம். கேட்டுப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

லுஃப்தான்சா டிக்கெட் என்றால் விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று சொல்லும் 'ஆப்பரேட்டட் பை' வரியைக் கட்டாயம் பாருங்கள். நியூவார்க்–ஃபிராங்க்ஃபர்ட் பாதையில் லுஃப்தான்சா நம்பர் போட்டு யுனைட்டெட் விமானம் பறக்கும். அதில் ஏறினால் யுனைட்டெட் விதிதான், கனெக்ஷனுக்கு யூ.எம். கிடையாது. டிக்கெட் எடுத்த பிறகு இது தெரிந்தால் மாற்றுவது பெரும்பாடு.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த ஒப்புதல் கடிதம் ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கட்டும். அமெரிக்க எல்லைத் துறையே அதைப் பரிந்துரைக்கிறது. 16 வயதுக்குள் எடுத்த அமெரிக்கப் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும், காலாவதித் தேதியை இப்போதே பாருங்கள். ஓசிஐ அட்டையையும் (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவுவது) பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். கவுன்ட்டரில் இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்பார்கள்.