கலைச்சொல்: ‘எலும்பு வயது’ போதுமா?

தண்டையார்பேட்டை: வணக்கம். ரேடியோகிராஃபி மாணவர் கையேடும் பெற்றோருக்கான விளக்கத் தாளும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேவை வயதுவாரியாக மாதிரிப் படங்கள் உள்ள கிரூலிக்–பைல் அட்லஸோடு ஒப்பிட்டு “11 வயது 6 மாதம்” என்கிறோமே, அதற்கு என்ன சொல்? 13 முடிந்த பையனுக்கு ‘எலும்பு வயது’ அப்படி வந்தால், “எலும்பு தேய்மானமா?” என்று பெற்றோர் பதறுகிறார்கள். எலும்பின் முனை தண்டோடு ஒட்டிக்கொள்வதை ‘ஃப்யூஸ்’ என்றால் பல்பு நினைவுதான் வருகிறது.

பெரம்பூர்: என்பகவை. “என்பும் உரியர் பிறர்க்கு” என்று வள்ளுவரே எடுத்துத் தந்திருக்கிறார். என்பு என்றால் எலும்பு, அகவை என்றால் வயது. எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒளிர்வது அதுதானே?

ராயபுரம்: ஐயா, அதை ‘என்ப+கவை’ என்று பிரித்துவிடுவான் மாணவன். கவை பிளவு; பிள்ளையை எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பிவிடுவான்! தவிர, நாம் தேடுவது வெள்ளையை அல்ல, கறுப்பை. எலும்பின் முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள குருத்தெலும்பு கறுப்புக் கோடாக விழும்; வளர்ச்சி முடிந்தால் அது மூடி, கோடு மறையும். பதின்வயதில் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் அவ்வளவாக உதவாது. கட்டைவிரல் அடியில் எள்ளெலும்பு என்ற குட்டி எலும்பு தெரிகிறதா, விரல் நுனி எலும்புகளில் கோடு மறைந்துவிட்டதா என்று பார்க்கிறோம். முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனைதான் கடைசியில் மூடும். கையேட்டில் இதையும் சேருங்கள்: உள்ளங்கை கேசட்டில் (எக்ஸ்ரே படத்தகட்டில்) படிய வேண்டும், விரல்கள் சற்று விலகி நேராக இருக்க வேண்டும். விரல் மடங்கினால் முனை தண்டின்மேல் விழுந்து கோடு மறையும். மூடாததை மூடியதாகப் படித்து வயதைக் கூட்டிவிடுவார்கள்.

கொருக்குப்பேட்டை: அந்தக் கோட்டுக்கு ‘வளர்தட்டு’.

பெரம்பூர்: மூடிய பிறகு ஏது வளர்ச்சி?

கொருக்குப்பேட்டை: வினைத்தொகை ஐயா, காலம் கரந்தது. வளர்ந்த தட்டும் அதில் அடக்கம்.

பெரம்பூர்: சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் பேதை, பெதும்பை, மங்கை என்று பருவத்துக்குப் பெயர் அடுக்கிய மொழிக்கு ‘எலும்பு வயது’ வறட்சி.

ராயபுரம்: பையன்களுக்கு என்ன வைப்பீர்கள்? பெண்களுக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பே மூடிவிடுகிறது. ஆண்களிலும் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான்.

வியாசர்பாடி: எனக்கு ‘வயது’ என்ற சொல்லே இடிக்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டம் பிரிவு 94-இல் பள்ளிச் சான்று முதலில், அடுத்து மாநகராட்சிப் பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. இரு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்று 1982 ஜெயமாலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தாளில் ‘வயது’ என்று அடித்தால் அதையே பிறந்த தேதியாகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ‘எலும்பு முதிர்நிலை’ எனலாமே?

தண்டையார்பேட்டை: ‘முதிர்’ என்றதும் கிழடு தட்டியதாக நினைப்பார்களே! தவிர, முடிவை ஆண்டு, மாதமாகத்தானே எழுதுகிறோம்?

கொருக்குப்பேட்டை: தாளில் ‘எலும்பு வயது’, கீழே ஒரே வரி: “இது வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும், தேய்மானம் அல்ல.” கையேட்டில் வளர்தட்டு, ‘ஃப்யூஸ்’ ஆவதற்கு இணைவு.

ராயபுரம்: ஆமோதிக்கிறேன்.

பெரம்பூர்: அடைப்புக்குறிக்குள் என்பகவை?

தண்டையார்பேட்டை: இடமில்லை ஐயா. ஒரு பக்கம்தான்.

வியாசர்பாடி: போலீஸ் கோரும் அறிக்கைக்கும் இதே சொல்லா? அதற்கு நான் உடன்படவில்லை.