இன்சுலின் நாரா, மியுவானா? ப்ராஜெக்ட் குழப்பம்

கடைசிபெஞ்ச்_பௌதிகம்:
வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்டுக்கு ரெண்டு தலைப்பு கையில இருக்கு. ஒன்னு, இன்சுலின்ங்கற புரதத்தோட மூலக்கூறுகள் தானா சேர்ந்து நாராகிறதை அளக்கணும். இன்னொன்னு, செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் பொதுவில விட்டிருக்கிற தரவுல மியுவான் (எலக்ட்ரான் மாதிரியே, ஆனா கனமான துகள்) ஜோடிகளைப் பொறுக்கி, நிறை வரைபடத்துல 91 ஜிஇவி (துகள் நிறைக்கான அலகு) பக்கத்துல இசட் போசான்ங்கற துகளால எழும்புற மேட்டை வரையணும். "புரதமெல்லாம் பயாலஜிடா"ன்னு ஹாஸ்டல்ல சிரிக்கிறாங்க. நார் பக்கம் போனா இயற்பியல் கைவிட்டுப் போயிடுமா?

உறைமோர்:
தம்பி, இன்சுலினோட நாலு வருஷம் மல்லுக்கட்டினவ சொல்றேன். சிரிச்சவரை 96 குழித் தட்டு (ஒரே நேரத்துல 96 மாதிரியை அளக்கிற தட்டு) முன்னாடி ஒரு ராத்திரி உட்கார வைங்க.

பிஎச் 2, 60 டிகிரி, கூடவே நாரோட ஒட்டினா ஒளிர்ற தயோஃபிளாவின் சாயம். ரொம்ப நேரம் ஒன்னுமே நடக்காது, ஒளிர்வுக் கோடு தரையோட படுத்துக் கிடக்கும். அப்புறம் விறுவிறுன்னு ஏறும். முதல் கரு, அதாவது நார் வளர ஆரம்பிக்கிற சின்னக் கொத்து, அமையறதுதான் கஷ்டம். அமைஞ்சுட்டா மத்த மூலக்கூறெல்லாம் அது நுனியில வந்து ஒட்டிக்கும். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, பழைய நார் ஒரு சொட்டு விழுந்தா காத்திருப்பே கிடையாது. (தயிர்ல உசிர் பெருகுது, இங்க பெருகுறது வெறும் வடிவம்.) ஒருதடவை பழைய பிப்பெட் முனையையே மறந்து திரும்பப் போட்டுட்டேன். ஒரு வரிசை மட்டும் மத்ததுக்கு ரொம்ப முன்னாடியே ஏறிடுச்சு. புதுசா எதையோ கண்டுபிடிச்சிட்டேன்னு ரெண்டு நாள் தரையில கால் படல. கைடு வந்து குப்பைக்கூடையில முனைகளை எண்ணினார். ஒன்னு குறைஞ்சது.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரே கரைசல்தான், ஆனா குழிக்குக் குழி ஏறுற நேரம் வேற. கரைசலை நுண்துளிகளாப் பிரிச்சா அந்தச் சிதறல் இன்னும் கூடும், ஏன்னா ஒரு துளியில கரு எப்ப விழும்ங்கறது தற்செயல். கதிரியக்கச் சிதைவுக்குப் போடுற அதே பாய்சான் கணக்கு (தற்செயலா நடக்கிறதை எண்ணுற நிகழ்தகவுக் கணக்கு). மியுவானை எண்ணினாலும் அதைத்தான் போடப் போறீங்க.

சிலிக்கான்_சித்தப்பா:
அக்கா சொன்னதுக்கு மேல ஒன்னு. ஜெர்மனியில ஹாம்பர்க் டெசி ஆய்வகத்துல பெட்ரான்னு 2.3 கி.மீ. சுற்றளவுல ஒரு துகள் முடுக்கி வளையம். 1979ல குவார்க்குகளைப் பிணைக்கிற குளூவான் துகள் பிடிபட்டது அங்கதான். இன்னிக்கு அது பெட்ரா III, எக்ஸ்ரே கொடுக்கிற விளக்கு. அதோட பி12 கதிர்வழியில கரைசல்ல இருக்கிற புரதத்தை எக்ஸ்ரே சிதறலால பார்க்கிறாங்க. இந்த மாதிரி இடங்கள்ல ஃபோட்டானை ஒவ்வொன்னா எண்ணுற பிலாட்டஸ் உணர்கருவியும், செர்ன்ல நடக்கிற சிஎம்எஸ் துகள் சோதனைக்குப் பிக்சல் உணர்கருவி செஞ்ச அனுபவத்துல சுவிட்சர்லாந்துல பிறந்ததுதான். நார்க்காரங்க பாதி துகள் இயற்பியல்காரங்களான எங்க பழைய வீட்டுலதான் குடியிருக்காங்க, வாடகையும் கொடுக்கிறதில்லை.

கடைசிபெஞ்ச்_பௌதிகம்:
அக்கா, எக்ஸ்ரேல நார்னு எப்படித் தெரியும்?

உறைமோர்:
4.7 ஆங்ஸ்ட்ராம்ல ஒரு கோடு விழும். புரத இழைகள் நாரோட நீளத்துக்குக் குறுக்கா ஏணிப்படி மாதிரி அடுக்கி நிக்கிற இடைவெளி அது. இங்கிலாந்து லீட்ஸ்ல ஆஸ்ட்பரிங்கற விஞ்ஞானி 1935லயே வெந்த முட்டை வெள்ளைக்கருவை இழுத்துப் பிடிச்சு எக்ஸ்ரே எடுத்து இந்தக் குறுக்கு அடுக்கைப் பார்த்துட்டார்.

எதை எடுக்கிறதுன்னா, முதல்ல தட்டு ரீடர் (குழித் தட்டோட ஒளிர்வை அளக்கிற கருவி) வாரத்துல எத்தனை நாள் உங்க கைக்கு வரும்னு கேளுங்க. ஒரு நாள்தான்னா மியுவானை எடுத்துடுங்க, லேப்டாப் போதும். மூணு நாள் கிடைச்சா நார். அப்படின்னா முனைப் பெட்டி ரெண்டு கூடவே இன்டென்ட் போடுங்க.