டைபீரியஸ் கிராக்கஸ் கொலை: நசிக்கா தலையில் துணி போட்டது ஏன்?

ஏட்டுப்பிரியன்:
ஏழைகளுக்கு நிலம் பங்கிட முனைந்த ரோமானிய டிரிப்யூன் (மக்கள் பிரதிநிதி) டைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133-இல் கொல்லப்பட்டதைப் பழங்கால வரலாற்றாசிரியர்கள் புளூட்டார்க்கிலும் அப்பியனிலும் அடுத்தடுத்துப் படித்தேன். கூட்டத்தை அழைத்துக்கொண்டு டைபீரியஸ் இருந்த கேபிட்டல் குன்றுக்குக் கிளம்பும்போது, செனட்டர் சிப்பியோ நசிக்கா தன் டோகாவின் (ரோமானியர் போர்த்தும் மேலாடை) ஓரத்தைத் தலைமேல் போட்டுக்கொண்டார் என்று இருவருமே சொல்கிறார்கள். அடிதடிக்குப் போகிறவருக்கு அது எதற்கு?

வைகறை:
நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். அப்பியனுக்கே இது பிடிபடவில்லை. மூன்று ஊகங்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்: பின்னால் வருபவர்களுக்கு அடையாளம், தலைக்கவசம் போலப் போருக்கான குறிப்பு, இல்லையென்றால் செய்யப்போகும் காரியத்தைத் தெய்வங்களின் கண்ணில் படாமல் மறைப்பது. அவர் எழுதியது 250 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

இக்கால ஆய்வாளர்களில் சிலர் வேறொன்று சொல்கிறார்கள். ரோமானியக் குரு பலியிடும்போது தலையை மூடிக்கொள்வார். நசிக்காவோ தலைமைக் குரு. அதனால் இது பலி, அரசனாகத் துணிந்தவனைத் தெய்வத்துக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கு என்கிறார்கள். நான் இந்தப் பக்கம்தான். விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்ல மாட்டேன் என்று கான்சல் (தலைமை ஆட்சியாளர்) ஸ்கேவோலா மறுத்துவிட்டார். நசிக்காவுக்கோ படை ஏவும் பதவி எதுவும் கிடையாது. கையில் இருந்தது குருத்துவம் ஒன்றுதான். அதைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நிலவன்:
எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. கூடப் போனவர்கள் டோகாவைக் கையில் சுற்றிக்கொண்டார்கள் என்கிறார் புளூட்டார்க். அது சண்டைக்கான ஆயத்தம். பிடித்த ஆயுதங்கள் உடைந்த பெஞ்சுக் கால்கள். முதல் அடி கொடுத்த சட்டுரேயஸ், டைபீரியஸைப் போலவே ஒரு டிரிப்யூன். அவர் கையிலும் பெஞ்சுக் கால்தான். 300 பேருக்கு மேல் செத்தார்கள், ஒருவர்கூட வாளால் இல்லை. இதில் சடங்கு எங்கே இருக்கிறது?

வைகறை:
கூட்டம் சடங்கு செய்தது என்று நானும் சொல்லவில்லை. நசிக்கா தன்னை எப்படிக் காட்டிக்கொண்டார் என்பதுதான் என் கேள்வி. அன்று காலை டைபீரியஸ் செய்ததையும் சேர்த்துப் பாருங்கள். இரைச்சலில் குரல் எட்டாததால், உயிருக்கு ஆபத்து என்று காட்டத் தலையைத் தொட்டார். எதிரிகள் செனட்டுக்கு ஓடி, மகுடம் கேட்கிறான் என்றார்கள். ஒருவர் தலையைத் தொட்டது அரசாசை ஆயிற்று. இன்னொருவர் தலையை மூடியது, அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ காலத்தில் நாட்டைக் காத்த செயலாகவே பேசப்பட்டது. கி.மு. 63-இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினுக்கு எதிராகப் பேசும்போது சிசரோ நசிக்காவைத்தான் முன்னுதாரணமாக எடுக்கிறார்.

ஏட்டுப்பிரியன்:
சரி, மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்?

வைகறை:
யாரும் கைவைக்கக்கூடாத டிரிப்யூனின் ரத்தத்தால் ரோமின் மிகப் புனிதமான கோயிலைத் தீட்டாக்கிவிட்டாய் என்று அவரைப் பார்த்த இடமெல்லாம் ஏசினார்கள். கடைசியில் செனட்டே அவரைத் தலைமைக் குருவாக இருக்கும்போதே ஆசியாவுக்கு (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) அனுப்பியது. அவர் இறந்தது பெர்காமத்தில். எந்த ஊர் மன்னன் விட்டுப்போன செல்வத்தை ஏழை உழவர்களுக்குப் பங்கிட டைபீரியஸ் சட்டம் கொண்டுவர முயன்றாரோ, அதே பெர்காமம்.