கேம்பர்வேனுக்கு எந்த வண்டி எடுக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, நான் தருமபுரி. அடுத்த ஜூனில் நானும் மனைவியும் இங்கிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போய், இமயமலையில் ஸ்பிதி, லடாக் என்று மூன்று மாதம் வண்டியிலேயே தங்கிச் சுற்றப் போகிறோம். அதற்குப் பழைய டீசல் வண்டி ஒன்று வாங்கி, படுக்கை, அடுப்பு வைத்து மாற்ற வேண்டும்.

ஃபோர்ஸ் டிராவலர் வேனில் இடம் தாராளம், ஆனால் நான் பார்த்து வைத்திருப்பதில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. அதே ஃபோர்ஸின் கூர்க்கா ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும், முன்னும் பின்னும் டிஃப் லாக் (ஒரு பக்கச் சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மறுபக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும் பூட்டு) உண்டு, ஆனால் இரண்டு பேர் படுத்தால் சாமான் எங்கே வைப்பது? டாடா விங்கர் வேனை விட்டுவிட்டேன், முன்சக்கர இழுவை வண்டியில் பின்னால் பாரம் ஏற்றினால் சரளை ஏற்றத்தில் பிடிமானம் போய்விடும்.

போன மழையில் சித்தேரி மலைப்பக்கம் மண்பாதையில் நண்பரின் வேன் பின்சக்கரம் புதைந்து, ஊர்க்காரர்கள் டிராக்டர் கட்டி இழுத்துவிட்டார்கள். ஸ்பிதியில் அப்படி யார் வருவார்கள் என்பதுதான் என் பயம்.

60 லிட்டர் தண்ணீரே 60 கிலோ. பேட்டரி, மரவேலை எல்லாம் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு வந்தது உங்களுக்கு? லடாக்கில் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான், அந்தப் பாரத்தோடு டீசல் எஞ்சின் எப்படி இழுத்தது?

அப்புறம் ஆர்.சி. விஷயம். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறதே, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் முறையாக அனுமதி வாங்கி மாற்றியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வந்து வண்டியைப் பார்க்கவும் தயார்.