ஏலத்துக்கு வந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: குழல் அசல்தானா?

இணைய ஏலத்தில் 12 போர் (bore, குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று வந்திருக்கிறது. 1895-இல் லண்டனில் செய்தது என்கிறார் விற்பவர். குழலின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன், அதில் 'நாட் ஃபார் பால்' (Not for Ball, ஒற்றைக் குண்டுக்கு அல்ல) முத்திரை இருக்கிறது. அது 1875 முதல் 1887 வரை மட்டும் இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழலின் உறுதியைச் சோதிக்கும் சாலைகள், வாய்ப்பக்கம் சற்றுக் குறுகிய சோக் குழல்களுக்கு அடித்தது, அங்கேயே கணக்கு இடிக்கிறது. குழலிலும் விசைக்காப்பிலும் வரிசை எண் ஒன்றுதான், ஆனால் செதுக்கு வேலையெல்லாம் தேய்ந்து கிடக்க, குழலில் உள்ள எண் மட்டும் புதிதாக வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரிகிறது. தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி எழுதினேன், பதில் இல்லை. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி உள்ளே இருக்கும் எண்ணைக் காட்டுங்கள் என்றால் விற்பவர் நழுவுகிறார். ஞாயிறோடு ஏலம் முடிகிறது.

வேறு துப்பாக்கியின் குழலைப் பொருத்தி எண்ணை வெட்டியிருக்கிறார்களா என்று படங்களை வைத்தே கண்டுபிடிக்க, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?