விண்டோஸ் 7-ஐயும் பழைய குரோமையும் விடமாட்டேன் என்கிற முதலாளியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

திருப்பூர்_சிஸ்டம்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். மொத்தம் 11 கம்ப்யூட்டர், அதில் 9 இன்னும் விண்டோஸ் 7. குரோம் 109-லேயே நிற்கிறது, 2023 பிப்ரவரியில் 110 வந்தபோதே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டார்கள், அதற்கு மேல் ஏறாது. அக்கவுண்ட்ஸ் அண்ணா மெஷினில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறு, ஏனென்றால் 2009-ல் யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டாக் சாஃப்ட்வேர் ஆக்டிவ்எக்ஸ் (எக்ஸ்புளோரருக்குள் ஓடும் பழைய துணை நிரல்) இல்லாமல் திறக்காது. இதே மெஷின்களில்தான் நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, பையர் மெயில் எல்லாமே.

முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்கிறார். போன மாதம் பேங்க் பக்கம் ஒன்று பாதி வந்து, ஓடிபி போடும் கட்டமே தெரியாமல் நின்றது. அப்போதும் நெட் ஸ்லோ என்று ரவுட்டரைத்தான் ஆஃப் பண்ணிப் போடச் சொன்னார். எனக்கு இது சர்வீஸ் பில் விஷயம் இல்லை, 80 பேருடைய சம்பளம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. என்ன சொன்னால் கேட்பார்?

கரூர்க்காரன்:
முதலாளியை விடுங்கள், முதலில் அக்கவுண்ட்ஸ் அண்ணாவிடம் பேசுங்கள். பெரும்பாலும் அவர் "வேண்டாம் சார், குழம்பிடும்" என்று சொல்வதால்தான் முதலாளியும் வேண்டாம் என்கிறார்.

இங்கே ஒரு ஆபீஸில் இதே கதை. ஒருநாள் காலை அந்தக் கணக்காளர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் வேலை செய்வதை மட்டும் பார்த்தேன். 23 தளங்களின் பாஸ்வேர்டு பிரவுசருக்குள் இருக்கிறது, ஒன்றுகூட நோட்டில் இல்லை. மேலே இருக்கும் புக்மார்க்குகளை அவர் படிப்பதே இல்லை, நாலாவது பேங்க், ஆறாவது ஜிஎஸ்டி என்று கை தானாகப் போகிறது. புது பிரவுசரில் அந்த வரிசை மாறினால் மனுஷன் தடுமாறிப் போவார், அந்தப் பயத்தைத்தான் "நல்லா ஓடுது" என்று சொல்லியிருக்கிறார். பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் பண்ணிப் புதியதில் ஏற்றினேன் (அந்த ஃபைலை உடனே அழித்துவிடுங்கள், உள்ளே எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும்), புக்மார்க்குகளை அதே வரிசையில் வைத்தேன். பழைய மெஷினை இரண்டு வாரம் பக்கத்திலேயே விட்டு வைக்கிறேன் என்றேன். மூன்றாம் நாளே இடத்தை அடைக்குது, எடுத்துட்டுப் போங்க என்றார்.

நெட்வொர்க்_மதுரை:
ஸ்டாக் சாஃப்ட்வேருக்கு வழி இருக்கிறது. 2022 ஜூன் 15-ல் ஐஇ 11-க்கு (இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்பு) ஓய்வு கொடுத்தாலும், மைக்ரோசாஃப்டின் புது பிரவுசரான எட்ஜுக்குள் பழைய தளங்களைத் திறக்க ஐஇ மோடு வைத்திருக்கிறார்கள், குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது, ஆக்டிவ்எக்ஸும் அதில் ஓடும். ஒரு விஷயம், செட்டிங்ஸில் போய் நேரடியாக முகவரியைச் சேர்த்தால் 30 நாளில் காலாவதியாகிவிடும், அப்புறம் திடீரென்று ஒருநாள் திறக்காமல் போய் உங்களுக்குத்தான் போன் வரும். அதனால் எந்த முகவரி ஐஇ மோடில் திறக்க வேண்டும் என்று சொல்லும் சைட் லிஸ்ட் எக்ஸ்எம்எல் ஃபைலை எழுதி, குரூப் பாலிசி (விண்டோஸின் நிர்வாக செட்டிங்) வழியாகக் கொடுங்கள். அந்த ஒரு முகவரியைத் தவிர வேறு எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்குப் போகாதீர்கள், அதன் சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 காலத்து மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பணம் கையாளும் இரண்டு சிஸ்டத்தை மட்டும் முதலில் புதிதாக வாங்கச் சொல்லுங்கள், மெயில் பார்க்கிற மற்றவற்றில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டாலே போதும்.

வலை_நெசவு:
நான் வெப் டெவலப்பர். 2001-ல் வந்த ஐஇ 6-ஐ 2009-லும் நிறையப் பேர் விடாமல் வைத்திருந்தார்கள், பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. யூடியூபில் சில இன்ஜினியர்கள் வீடியோவுக்கு மேலே, உங்கள் பிரவுசருக்கு ஆதரவை நிறுத்தப் போகிறோம் என்று ஒரு பட்டை போட்டார்கள். ஒரே மாதத்தில் அங்கே ஐஇ 6 கூட்டம் பாதியானது என்று அதைச் செய்தவர்களில் ஒருவரான கிறிஸ் ஜக்கரையாஸ் பிற்பாடு எழுதினார். தினம் வேண்டியது கிடைக்காமல் போகும் என்றால்தான் ஆள் அசைகிறான். நீங்களும் வைரஸ் பேச்சை எடுக்காதீர்கள். அந்த பேங்க் பக்கத்தை முதலாளி மெஷினில் திறங்கள், உங்கள் லேப்டாப்பில் அதே நெட்டில் திறந்து பக்கத்தில் வையுங்கள். பேசவே வேண்டாம்.

திருப்பூர்_சிஸ்டம்:
இன்று மதியம் அப்படியே செய்தேன். லேப்டாப்பில் ஓடிபி கட்டம் வந்தது, அவர் திரையில் இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரவுட்டர் இல்லையா அப்ப?" என்றார், அப்புறம் இரண்டு சிஸ்டத்துக்கு மட்டும் கொட்டேஷன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாற்றப் போகிறேன். அக்கவுண்ட்ஸ் அண்ணாவின் புக்மார்க் வரிசையை போன் கேமராவில் எடுத்து வைத்துவிட்டேன், அவருடைய நாலாவதும் பேங்க்தான்.