ஒரே பூட் பார்ட்டிஷனை (லினக்ஸின் மையமான கெர்னலும் தொடக்கக் கோப்புகளும் இருக்கும் டிஸ்க் பகுதி) இரண்டு லினக்ஸுக்குக் கொடுத்தவர்கள், உங்களுக்கு என்ன ஆனது?

இரவுவாசி:
லக்ஸில் (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன் முறை) என்க்ரிப்ட் செய்த டெபியன் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. சோதனைக்காகப் பக்கத்திலேயே இன்னொரு டெபியன், என்க்ரிப்ஷன் இல்லாமல். பூட் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதற்கும் கொடுத்தேன்.

பழையதைத் தொடங்கினால், கடவுச்சொல் கேட்கும் வரியே வரவில்லை. ரூட் டிஸ்க்குக்காக, அதாவது சிஸ்டம் இருக்கும் டிஸ்க்குக்காக, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் (தொடக்கம் பாதியில் நின்றால் வரும் கட்டளைத் திரை) போய் நின்றது. டிஸ்க்கே போய்விட்டது என்று கை நடுங்கிவிட்டது.

இரண்டிலும் ஒரே கெர்னல் பதிப்பு, அதனால் இனிட்ஆர்டி கோப்புக்கும் (ரூட் டிஸ்க்கைத் திறப்பதற்காகத் தொடக்கத்தில் ஏற்றப்படுவது) ஒரே பெயர். புதியது பழையதன் மேல் எழுதிவிட்டது. புதிய கோப்புக்குள் என்க்ரிப்ஷனைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் இல்லை. லைவ் யூஎஸ்பியில் போய், டிஸ்க்கைத் திறந்து, சிஎச்ரூட் செய்து (அந்த சிஸ்டத்துக்குள் நுழைந்து), இனிட்ஆர்டியை மறுபடி உருவாக்கிய பிறகுதான் அந்த வரி வந்தது. சோதனை டெபியன் தன்னுடையதைத் திரும்ப உருவாக்கிய நாளில் மறுபடியும் அதே கதை.

அம்புநுனி:
எனக்கு இரண்டும் ஆர்ச் லினக்ஸ். அதில் கெர்னல் கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணே இருக்காது. ஒன்றில் அப்டேட் செய்தேன், மற்றதில் வைஃபை காணோம். ஒரு மாலை முழுக்க டிரைவரைத் தேடினேன். ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளை ஒரு எண்ணைச் சொல்கிறது, டிரைவர்கள் இருக்கும் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வேறு எண். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பழையஷெல்:
இரவுவாசி, பகிர்ந்ததைக் குறை சொல்லாதீர்கள். ஒரே டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) இரண்டு முறை போட்டதுதான் சிக்கல். என்னிடம் டெபியனும் ஃபெடோராவும் ஒரே பூட்டில் இருந்தன. டெபியனின் கிரப் (தொடக்க மெனுவைக் காட்டும் பூட்லோடர்) கோப்புகள் கிரப் ஃபோல்டரில், ஃபெடோராவுடையவை கிரப்2-வில். மோதலே இல்லை. டெபியனில் அப்டேட்-கிரப் ஓட்டினால் மட்டும், பூட்டில் கண்ட எல்லாக் கெர்னலையும் தன் ரூட்டோடு சேர்த்து மெனுவில் போட்டுவிடும். ஃபெடோரா கெர்னலுக்கு டெபியன் ரூட்! அதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாட்டினேன்.

சரி, புதிதாகப் போடுகிறவர்களுக்கு: இஎஃப்ஐ பார்ட்டிஷனை (கணினி முதலில் பூட்லோடரைத் தேடும் பகுதி) மட்டும் பகிருங்கள். அங்கே ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தன் பெயரில் ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். ஒரே டிஸ்ட்ரோ இரண்டு என்றால், கிரப்-இன்ஸ்டாலில் பூட்லோடர்-ஐடியை மாற்றிக் கொடுங்கள். கெர்னல்கள் அவரவர் ரூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம், 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது. மற்ற சிஸ்டம் மெனுவில் வரவில்லை என்று பதற வேண்டாம், அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டால் போதும். இல்லையென்றால் கஸ்டம் மெனுவில் ஒரு கான்ஃபிக்ஃபைல் வரி சேர்த்து, அந்தந்த சிஸ்டத்தின் கிரப் மெனுவுக்கே அனுப்புங்கள். நான் செய்வது அதுதான்.

அம்புநுனி:
டிஸ்ட்ரோ வேறாக இருந்தால் போதும் என்கிறீர்கள், ஆனால் மாட்டினேன் என்றும் நீங்களே சொல்கிறீர்களே?

இரவுவாசி:
சோதனை டெபியனின் பூட்டை அதன் ரூட்டுக்குள்ளேயே மாற்றிவிட்டேன். இப்போதும் கடவுச்சொல் வரி வர ஒரு நொடி தாமதித்தால் வயிறு கலங்குகிறது.